குமாரின் விடைத்தாள்

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடியும் ஸ்கேன். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால் மண்டை வெடித்துவிடும். ஒரு தடவை திறந்து மூடிய மண்டை, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "தலைவலி இருந்துச்சா" என்றுதான். எனக்குத் தலைவலியே இல்லை. எனக்குப் போனது வார்த்தை.

என் பெயர் மல்லிகா, வயது நாற்பத்தொன்பது, வீடு கிள்ளானில். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு லோரி கம்பெனியில் டிஸ்பேட்ச் வேலை. எந்த லோரி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்வதுதான் வேலை. தமிழில் பாதி, மலாயில் பாதி, முதலாளியிடம் மட்டும் ஆங்கிலம். இருபத்திரண்டு வருஷமாக வாயை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான்.

வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், என் தம்பி குமார். கணவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வீட்டிலும் ஆசிரியர்தான், அதனால் நான் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவேன். குமாருக்கு முப்பத்தெட்டு வயது. டவுன் சின்ட்ரோம் உள்ளவன். பெற்றோர் போன பிறகு எங்களோடு இருக்கிறான். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதிலும் என் தமிழ்தான் நன்றாகத் தெரியும். ஆறு வயது வரை அவன் பேசவே இல்லை. அப்போது எனக்குப் பதினேழு. அவன் உள்ளங்கையை எடுத்து என் கழுத்தில் வைத்து, சத்தம் அதிர்வதைக் காட்டி, மாதக் கணக்கில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா லோரி ஓட்டுநர், வண்டி வாசலில்தான் நிற்கும். அவன் முதலில் சொன்ன வார்த்தை அதுதான்: லோரி.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் பயந்தது எல்லாம் இவனை நினைத்துத்தான். செத்துப்போவதற்கும் பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உயிரோடு இருந்து தமிழ் போய்விட்டால் இவனிடம் யார் பேசுவது என்ற பயம்தான் பெரிது.

ஆரம்பம் ஒரு குரல் பதிவில். பூச்சோங்குக்குப் போக வேண்டிய சரக்கை ராஜு என்ற ஓட்டுநர் அம்பாங்குக்குக் கொண்டுபோய்விட்டான். போனில் நன்றாகக் கிழித்தேன். அவன் அமைதியாக, "அக்கா, நீங்கதான் அம்பாங்னு சொன்னீங்க, வாய்ஸ் இருக்கு, கேளுங்க" என்றான். கேட்டேன். என் குரல், என் அதட்டல், அம்பாங். நான் பூச்சோங் என்று சொன்னதாகவே அந்த நிமிஷம் வரை சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். ராஜுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அதுதான் அதிக அதிர்ச்சி.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கரண்டியைக் கேட்க நினைத்து "அந்தக் கிண்டுறது" என்பேன். துண்டை "தொடைக்கிறது" என்பேன். பொருள் கண்ணெதிரே இருக்கும், எதற்கு என்றும் தெரியும், பெயர் மட்டும் வராது. வயதாகிறது என்று வாத்தியார் கிண்டல் செய்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் குமாரோடு பூ வாங்கிக்கொண்டிருந்தபோது வாய் நின்றுவிட்டது. பூக்காரம்மா எத்தனை முழம் என்று கேட்கிறார். பதில் தெரிகிறது. நாக்கு கிளம்பவில்லை. ஒரு நிமிஷம்தான் இருக்கும். நான் விளையாடுகிறேன் என்று குமார் கைதட்டிச் சிரித்தான். எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

அது ஒரு வகை வலிப்பு என்று பிறகு சொன்னார்கள். கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன். மூளையில் பேச்சுக்கான இடத்தில் மட்டும் அது வந்தால் பேச்சு மட்டும் நிற்குமாம். கிள்ளானில் ஒரு ஸ்கேன், பிறகு கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம், அங்கே எம்ஆர்ஐ. குழாய்க்குள் படுத்து முக்கால் மணி நேரம் தகரத்தில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, தெரிந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பூச்சோங் வந்தது. ரவாங் வந்தது. காஜாங்குக்கு முன்னால் கொஞ்சம் தடுக்கியது. அந்தத் தடுக்கலையே நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறுவை மருத்துவர் பெயர் டாக்டர் லிம். சின்ன மனிதர், மெதுவாகப் பேசுவார். திரையில் படத்தைக் காட்டினார். இடது காதுக்கு மேலே உள்ளே ஒரு வெளிறிய பகுதி. கிளியோமா என்றார். மூளையின் நரம்புகளைத் தாங்கிப் பிடிக்கும் செல்களிலிருந்து வளரும் கட்டி. என்னுடையது மெதுவாக வளரும் வகை போலத் தெரிகிறது, ஆனால் மெதுவாக என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை என்றார். எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. சிக்கல் என்னவென்றால் அது உட்கார்ந்திருக்கிற இடம் பேச்சின் இடம். அதனால் நடுவில் என்னை விழிக்க வைத்து, பேச வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும்.

"வலிக்காதா டாக்டர்?" என்று கேட்டது வாத்தியார்தான்.

தோலுக்கும் எலும்புக்கும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், மூளைக்கு வலி தெரியாது என்றார். ஒவ்வொரு இடத்தையும் வெட்டுவதற்கு முன்னால் மெல்லிய மின்சாரத்தால் தொடுவார்கள். அந்த நேரம் நான் ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் போனால் அந்த இடத்தை வெட்டக் கூடாது. பிறகு ஒன்று சொன்னார். மூன்று மொழி பேசுகிறவர்களுக்கு மொழிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கலந்திருக்கும், ஆனால் சில புள்ளிகள் ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாம். சோதிக்காத மொழியைக் காப்பாற்ற முடியாது. எந்த மொழி முக்கியம் என்று யோசித்து வாருங்கள்.

யோசிக்க எதுவும் இல்லை. அங்கேயே சொல்லிவிட்டேன், தமிழ் என்று.

பேச்சுப் பயிற்சியாளர் ஃபரிடா மலாய்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மலாய், ஆங்கிலப் படச் சீட்டுகள் அவரிடம் இருந்தன. தமிழில் இல்லை. வாத்தியாரைப் பார்த்து, "சிக்கு, நீங்க உதவி செய்ய முடியுமா?" என்று மலாயில் கேட்டார். சிக்கு என்றால் மலாயில் வாத்தியார். அவ்வளவுதான். இவருக்கு உடம்பெல்லாம் உற்சாகம். மூன்று நாள் வீட்டையே படமெடுத்தார். நாற்பது படம் அச்சடித்து, ஒட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினார். விடைகளைத் தனித்தாளில் தமிழிலும், ஃபரிடா காதால் கேட்டு ஒப்பிடுவதற்காக ஆங்கில எழுத்திலும் எழுதிக் கொடுத்தார். என்னிடம் விடைத்தாளைக் காட்டவில்லை. தேர்வுக்கு முன்னால் விடையைக் காட்டுகிற ஆள் இல்லை அவர்.

புதன்கிழமை வார்டில் சேர்த்தார்கள், திங்கட்கிழமை அறுவை. சேர்ந்த அன்று மாலையே சோதனை. கணவர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். முதலில் மலாய், பிறகு ஆங்கிலம், கடைசியில் தமிழ். தமிழ் ஆரம்பித்ததும் ஃபரிடாவின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றால் கீழே போய் மேலே ஏறும். தப்பு என்றால் இரண்டு வெட்டு. லோரி படத்துக்கு லோரி என்றேன். இரண்டு வெட்டு. அடுத்து ஐஸ் பெட்டி. இரண்டு வெட்டு. சைக்கிள், அதற்கும்.

நீங்கள் கேட்கலாம், ஏன் அப்போதே கேட்கவில்லை என்று. வாய்ஸ் பதிவில் என் குரலே அம்பாங் என்று சொன்னதை நான் கேட்டவள். நான் ஒன்று நினைத்து வாயில் வேறொன்று வருவது எனக்கே தெரியாமல் நடக்கிறது என்று ஆன பிறகு, எந்த நம்பிக்கையில் சண்டை போடுவது? லோரி என்றுதான் சொன்னேன் என்று எனக்குத் தோன்றியது. பூச்சோங் என்று சொன்னதாகவும்தானே தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து இருந்தேன்.

மலாயில் நாற்பதுக்கு முப்பத்தாறு. ஆங்கிலத்தில் முப்பத்துமூன்று. தமிழில் பத்தொன்பது.

மறுநாள் காலை டாக்டர் லிம் கட்டிலருகே வந்தார். கட்டி தமிழை ஏற்கெனவே பாதித்திருப்பது போலத் தெரிகிறது என்றார். இப்போதே பாதி தப்பாக வருகிற மொழியை அறுவையின்போது நம்பிச் சோதிக்க முடியாது, தப்பு மின்சாரத்தால் வந்ததா கட்டியால் வந்ததா என்று பிரிக்கத் தெரியாது. மலாயையும் ஆங்கிலத்தையும் வைத்துக் காப்போம், தமிழும் கூடவே தப்பிக்கும் என்று நம்புவோம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போன பிறகு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். சோதனையில் நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. தன் மனைவிக்குத் தமிழ் போகிறது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

டெக்ஸா என்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள், மூளையைச் சுற்றியுள்ள வீக்கத்தை வற்ற வைக்க. அது பசியையும் கோபத்தையும் கூட்டும். பசி புதிது. அன்று மதியம் இரண்டு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அழுதேன். குமாரிடம் மலாயில் "சாப்பிட்டாயா" என்று கேட்டால் அவன் எப்படி விழிப்பான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்த வாரம் வாத்தியாரும் குமாரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். குமாருக்கு அங்கே மோனோரயில் பார்க்கலாம் என்பதால் அக்காவுக்கு என்ன என்ற கவலை கொஞ்சம் குறைவு. அன்று பார்வையாளர் நேரத்தில் எனக்கு ஒரு உளுந்து வடையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். பை முழுக்க எண்ணெய். வடையைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மேசை மேல் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தான். பிஸ்கட் இல்லை, படம். பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தான்.

"லோரி. கொடை. ஐஸ் பொட்டி. சைக்கில். நம்ம பூன."

இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸோடு ஃபரிடாவும் வந்திருந்தார். பாவம், நல்ல பெண், விடைத்தாளை மனப்பாடமே செய்திருந்தார். குமாரிடம் சிரித்துக்கொண்டே லோரிப் படத்தைக் காட்டி, "நோ நோ. கனவுந்து," என்றார்.

குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியது யார் என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "லோரிலா," என்றான்.

ஐஸ் பெட்டிக்கு ஃபரிடா சொன்னது குளிர்பதனப்பெட்டி. சைக்கிளுக்கு மிதிவண்டி. எல்லாம் வாத்தியாரின் பாடப்புத்தகத் தமிழ். குமார் தலையில் கட்டி கிடையாது. அவன் சொல்வது எல்லாம் நேற்று நான் சொன்னது. எழுந்து உட்கார்ந்து ஃபரிடாவிடம் மலாயில் கேட்டேன், நேற்று இந்தப் படத்துக்கு நான் என்ன சொன்னேன் என்று. அவர் யோசித்து, "லோரி," என்றார். "லோரி மலாய் வார்த்தையாச்சே. தமிழ் வராமல் மலாயில் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

அவருக்கும் புரிந்துவிட்டது. ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். உங்களிடம் விடை இருந்ததே என்றேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் தண்ணீர் போத்தலோடு உள்ளே வந்தார். நான் விடைத்தாளை நீட்டினேன்.

"என்னாங்க இது? இருபத்தாறு வருஷமா என்கூட இருக்கீங்க. எந்த நாளாச்சும் நான் கனவுந்துன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அவர் தாளைப் பார்த்தார். "பரீட்சையாச்சேன்னு..." என்று இழுத்தார். "பரீட்சையில நீ சரியா சொல்லுவேன்னு நெனச்சேன்லா, மல்லி."

திட்ட நிறைய இருந்தது. திட்டவில்லை. மனிதர் அழுகிற நிலையில் இருந்தார். எனக்கோ திட்டுவதைவிடச் சிரிப்புத்தான் வந்தது, சிரித்தால் தலை கனத்தது.

அன்று மாலை வாத்தியார் புதுத் தாள் எடுத்துக்கொண்டு குமார் பக்கத்தில் உட்கார்ந்தார். குமார் ஒவ்வொரு படத்துக்கும் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். லோரி. ஐஸ் பெட்டி. சைக்கிள். பிள்ளைகள் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுகிற வார்த்தைகள். ஓர் இடத்தில் பேனா நின்றது. "ரோத்தான்னே எழுதவா? பிரம்புன்னு..." என்றார். குமார் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினான். ரோத்தான் என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை மறுசோதனை. தமிழ் அறிந்த சிஸ்டர் விமலா என்ற நர்ஸ் ஃபரிடாவோடு உட்கார்ந்தார். நாற்பதுக்கு முப்பத்தைந்து. டாக்டர் லிம் தாளைப் பார்த்துவிட்டு, தமிழும் உள்ளே வருகிறது என்றார். சரியாக வந்த முப்பத்தைந்து படங்களை மட்டும் திங்கட்கிழமைக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழுக்கான விடைத்தாள் குமாருடையது.

அறுவை அறையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். குளிர். தலையைப் பிடித்திருக்கும் இரும்புப் பிடி. எலும்பைத் திறந்தபோது தூக்கத்தில் இருந்தேன், விழித்தபோது முகத்துக்கு மேலே பச்சைத் துணிக் கூடாரம், அதற்குள் ஃபரிடாவின் கண்களும் விமலாவின் கண்களும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. விமலா நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டார். "ஆரம்பிக்கலாமா அக்கா?" என்றார்.

இது லோரி. இது பூனை. இது ஐஸ் பெட்டி. ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் அடுத்தது வராதோ என்று பயம். பிறகு குடையின் படம் வந்தது. இது, என்றேன். இது. குடைக்குக் கீழே நிற்கிற குமாரின் கால் செருப்பு வரைக்கும் எனக்குத் தெரிகிறது. பெயர் இல்லை. ஃபரிடா உடனே மலாயில் கேட்டார். பாயோங் என்று பளிச்சென்று வந்தது. தமிழில் மறுபடி. இது. ஒன்றுமில்லை. மின்சாரத்தை எடுத்ததும் குடை, குடை, குடை என்று மூன்று தடவை சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

அதே இடத்தை மூன்று முறை தொட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் தமிழ் மட்டும் நின்றது. டாக்டர் லிம் அங்கே ஒரு எண் எழுதிய சின்னத் தாளை வைத்ததாக விமலா பிறகு சொன்னார். டாக்டரின் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. இதற்குக் கீழே கட்டி இருக்கிறது, நான் இதை விட்டுவிடுகிறேன் என்றார். ஒரு கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை, அளவு. மற்றதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாள் மாறியிருக்காவிட்டால் குடையும் எடுக்கப்பட்டிருக்கும். எடுத்திருந்தால் கட்டி முழுவதும் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் தினமும் நினைக்கிறேன்.

அறுவைக்கு மறுநாள் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த நாள் நின்றது. வெட்டிய இடத்தைச் சுற்றி மூளை வீங்குவது வழக்கம், இறங்கும் என்றார்கள். எத்தனை நாளில் என்றால், பார்ப்போம் என்றார்கள். மருத்துவமனையில் மிக மோசமான வார்த்தை அதுதான். வாத்தியார் பேசிக்கொண்டே இருந்தார், நான் தலையாட்டினேன். சோறா கஞ்சியா என்பதற்குக்கூட விரல் காட்டினேன். அதட்டிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

நாலாம் நாள் குமாரை உள்ளே விட்டார்கள். கட்டுப் போட்ட தலையைப் பார்த்து முதலில் வரமாட்டேன் என்றான். பிறகு வந்தான். "க்கா," என்றான். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இந்தத் தடவை அவன் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, தன் கழுத்தில் வைத்துக்கொண்டான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது, அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"லோ... ரி," என்றான்.

அவன் தொண்டை என் கையில் அதிர்ந்தது. எத்தனை தடவை சொன்னான் என்று தெரியாது. வாத்தியார் சொன்னார், நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த நர்ஸ் அப்படியே திரும்பிப் போனாராம். கடைசியில் என் வாயிலிருந்து ஏதோ வந்தது. ரி மட்டும். குமார் தலையை ஆட்டி, பாதி மார்க் போடுவது மாதிரி, மறுபடி ஆரம்பித்தான்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வார்த்தைகள் திரும்பிவிட்டன, கொஞ்சம் தாமதமாக வரும், வேலைக்கு இன்னும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். உள்ளே விட்டுவைத்தது வளர்கிறதா என்று பார்க்க. முதல் ஸ்கேனில் அப்படியே இருந்தது. வாத்தியார் இப்போது லோரி என்றே சொல்கிறார், வீட்டில் மட்டும்.

பிஸ்கட் டின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் குமார் படங்களை எடுத்துக் காட்டுவான். சரியாகச் சொன்னால் சீட்டை இடது பக்கம் வைப்பான். வராவிட்டால் என் கையை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொள்வான்.

நேற்று சாயங்காலம் ஒன்றுதான் வரவில்லை. குடை. நான் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன், ஸ்கேன் பயம் என்று சொல்லிக்கொண்டேன். வாத்தியார் டீக் கோப்பையைக் கழுவுவதை நிறுத்திவிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. குமார் என் கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, "கொ... டை," என்றான். மறுபடி சொன்னான். அவனுக்கு அவசரம் எதுவும் இல்லை.